சுங்கச்சாவடிக்கு உண்டு, சம்பளத்துக்கு இல்லை

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டும் லாரிக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம் திட்டுவார்கள். கட்டணம் ஏறியிருக்கும். ஏன் ஏறியது என்று அங்கே யாரும் விளக்கம் சொல்வதில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. 2008ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளிலேயே எழுதியிருக்கிறது: வருடத்துக்கு நிலையாக 3 சதவீதம், அதன் மேல் மொத்த விலைக் குறியீடு ஏறியதில் 40 சதவீதம். யாரும் மனு எழுத வேண்டாம், மேனேஜர் அறை வாசலில் நிற்க வேண்டாம். நாள் வந்தால் தானாக ஏறும்.

மின் கட்டணமும் அப்படித்தான். 2022 செப்டம்பரில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போட்ட உத்தரவுப்படி, ஒவ்வொரு ஜூலையிலும் கட்டணம் மாறும். அந்த வருட ஏப்ரல் மாதச் சில்லறைப் பணவீக்கம் அல்லது 6 சதவீதம், இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்கு. 2024 ஜூலையில் 4.83 சதவீதம் ஏறியது, 2025 ஜூலையில் 3.16 சதவீதம். இரண்டும் அந்தந்த ஏப்ரல் மாதப் பணவீக்கத்தின் அச்சு அசல் எண்கள். 2025இல் வீட்டு இணைப்புகளுக்கான ஏற்றத்தை அரசே ஏற்றுக்கொண்டது.

இதே நெடுஞ்சாலையில் விடியற்காலை ஓசூர் போகும் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிறவருடைய சம்பளத்துக்கு இப்படி ஒரு விதி எங்கேயும் எழுதப்படவில்லை. அவர் கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும், கிடைக்காவிட்டால் வேறு கம்பெனி பார்க்க வேண்டும். பணவீக்கத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் விலையைப் பேசுகிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்த ஏற்றம் யாருக்குத் தானாக வந்து சேர்கிறது, யார் அலைந்து வாங்க வேண்டியிருக்கிறது என்பது. "இந்தக் காலத்துப் பசங்க ஒரு இடத்துல நிலைக்க மாட்டேங்கறாங்க" என்கிற புலம்பலுக்கும் அதில்தான் பதில் இருக்கிறது.

முதலில் எண். 2025 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று அறிவித்தார்கள். 2012ஐ அடிப்படையாகக் கொண்ட அந்தக் குறியீட்டு வரிசையில் அவ்வளவு குறைவான எண் அதற்கு முன் வந்ததில்லை. செய்தியைப் பார்த்துப் பலருக்குக் கோபம். மளிகைக் கடையில் யார் விலையைக் குறைத்தார்கள்? யாரும் குறைக்கவில்லைதான். பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வேகம் குறைந்தால் விலை பழைய இடத்துக்குத் திரும்பிவிடாது. 2023 அக்டோபரில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் 2024 அக்டோபரில், அப்போதைய 6.21 சதவீதப் பணவீக்கத்தில், 106 ரூபாய் 21 காசு ஆனது. 2025 அக்டோபரில் அது 106 ரூபாய் 48 காசு. 27 காசு ஏறியதைத்தான் 0.25 சதவீதம் என்கிறார்கள். முந்தைய வருடம் ஏறிய ஆறு ரூபாய் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சம்பளம் அந்த ஆறு ரூபாயைப் பிடிக்காதவருக்கு, வேகம் குறைந்தது என்ற செய்தியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இன்னொன்று, விலைகள் சீராக ஏறுவதில்லை, படி படியாகத் தாவுகின்றன. டீ பத்து ரூபாயில் சில வருடம் அசையாமல் நிற்கும். பிறகு பன்னிரண்டு. ஒரு நாள் கடைக்காரர் கையால் எழுதிய அட்டையைத் தொங்கவிடுவார்: பதினைந்து. பன்னிரண்டிலிருந்து பதினைந்து என்றால் ஒரே நாளில் 25 சதவீதம். பால், கேஸ், மாஸ்டர் கூலி என்று இரண்டு வருடமாக அவர் தாங்கிக்கொண்டிருந்ததை ஒரே நாளில் இறக்கி வைக்கிறார். அதற்கு முன்பே கிளாஸ் சின்னதாகிவிட்டிருக்கும், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இந்த எண்ணைச் செய்யும் முறையிலும் நம் பக்கத்துக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. குறியீடு என்பது ஒரு கற்பனைக் கூடை. 2012 வரிசைப்படி, நாடு முழுவதற்குமான கூடையில் உணவும் பானங்களும் 45.86 சதவீதம், கிராமத்துக்கு 54.18, நகரத்துக்கு 36.29. அந்தக் கூடையில் தக்காளியின் பங்கு 0.57 சதவீதம், அதாவது நூறு ரூபாய்க்கு 57 காசு. அந்த 57 காசுதான் 2023 ஜூலையில் நாட்டையே ஆட்டி வைத்தது. தக்காளி விலை முந்தைய ஜூலையோடு ஒப்பிட்டால் மூன்று மடங்கானது, பணவீக்கம் 7.44 சதவீதத்துக்குப் போனது. அதில் ஒரு சதவீதப் புள்ளிக்கு மேல் தக்காளி ஒன்றின் வேலை.

தக்காளி என்றால் தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ராயக்கோட்டை. இரண்டு ஊர் மார்க்கெட்டும் அதிகாலையில் பெட்டிகள் அடுக்கிய டெம்போக்களால் நிரம்பிவிடும். ஏலத்தில் விலை ஏறினால் டிரைவர் முகத்திலேயே தெரியும். பணவீக்கத்தை டெல்லியிலிருந்து பார்ப்பவருக்குத் தக்காளி ஒரு தொந்தரவு. பாலக்கோட்டிலிருந்து பார்ப்பவருக்கு அது மூன்று வருடத்துக்கு ஒரு முறை கைக்கு வரும் காசு. 2023 ஜூலையில் சில தோட்டங்களில் கடன் அடைந்தது, ஒன்றிரண்டு வீட்டில் புது டிராக்டர் நின்றது. விலை கிலோ மூன்று, நான்கு ரூபாய்க்கு விழும் வருடங்களில் பறிக்கிற கூலிகூடக் கட்டாது. செடியிலேயே விட்டுவிட்டு மாட்டை அவிழ்த்துவிடுவார்கள். மாங்காயும் இதே கதைதான். 2025 சீசனில் கிருஷ்ணகிரியின் பெங்களூரா மாங்காயைக் கூழ் ஆலைகள் கிலோ ஐந்து ரூபாய் அளவுக்குத்தான் எடுத்தன. வெட்டுக்கூலி, வண்டி வாடகை போக மரக்காரர் கையில் நின்றது எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பார்கள்.

2025 அக்டோபரின் 0.25 சதவீதம் இங்கிருந்துதான் பிறந்தது. அந்த மாதம் உணவுப் பொருள் விலை முந்தைய வருடத்தைவிட 5.02 சதவீதம் குறைந்திருந்தது, காய்கறிதான் இழுத்துக்கொண்டு இறங்கியது. செப்டம்பர் 22ஆம் தேதி சோப்பு, பேஸ்ட் முதல் பைக் வரை ஜி.எஸ்.டி. குறைத்ததும் சேர்ந்துகொண்டது. ஓசூரில் வாடகை வீட்டில் இருக்கும் மகனுக்கு அந்த மாதக் காய்கறிச் செலவு இறங்கியது. பாலக்கோட்டில் அப்பாவுக்கு வரவு இறங்கியது. மகன் மிச்சம் பிடித்ததை ஊருக்கு அனுப்பினான். ஒரே குடும்பத்துக்குள் ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுத்த கணக்கு அது. பணவீக்கம் குறைந்தது நல்லதா கெட்டதா என்று அந்த வீட்டில் போய்க் கேட்டால், யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

ரிசர்வ் வங்கி இதில் என்ன செய்ய முடியும்? 2016இல் சட்டம் திருத்தி, பணவீக்கத்தை 4 சதவீதத்தில், மேலே கீழே 2 விட்டு, வைத்திருக்கும் பொறுப்பை அதனிடம் கொடுத்தார்கள். அதன் கையில் இருக்கும் கருவி வட்டி. 2022 மே மாதத்தில் 4 சதவீதத்திலிருந்து ஏற்றத் தொடங்கிய ரெப்போ வட்டி, அதாவது வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டி, 2023 பிப்ரவரியில் 6.5 ஆகி, இரண்டு வருடம் அங்கேயே நின்றது. வட்டியை ஏற்றினால் தக்காளி காய்க்காது. ஆனால் வீட்டுக் கடன் தவணை நீளும், சின்ன முதலாளி புது மெஷின் வாங்கத் தயங்குவார், ஆள் எடுப்பது தள்ளிப்போகும். 2025இல் வட்டி படிப்படியாக 5.25க்கு இறங்கியது. மகளிர் குழுவில் வாரத் தவணை கட்டும் அக்காவுக்கு இந்த ஏற்றமும் தெரியாது, இறக்கமும் தெரியாது. அவர் கட்டும் வட்டி வேறு உலகம்.

பஞ்சப்படி யாருக்கு?

இனி வரவுப் பக்கம். அரசு ஊழியருக்குப் பஞ்சப்படி உண்டு. தொழிலாளர் விலைக் குறியீட்டின் பன்னிரண்டு மாத சராசரியை எடுத்து, ஏழாவது ஊதியக் குழு குறித்த 261.42 என்ற புள்ளிக்கு மேல் எவ்வளவு ஏறியிருக்கிறதோ அதைச் சதவீதமாக்கி, ஜனவரியிலும் ஜூலையிலும் கொடுக்கிறார்கள். 2025 ஜூலைக் கணக்கில் மத்திய அரசு ஊழியருக்கு அது 58 சதவீதம் ஆனது, தமிழ்நாடு அரசும் அதே விகிதத்தைப் பின்பற்றியது. கொரோனா காலத்தில் இதை நிறுத்தி வைத்தார்கள், தமிழகத்தில் 2022 ஜனவரியில்தான் மீண்டும் ஏறியது. அந்த நிறுத்தத்துக்கு எழுந்த கூச்சலைக் கேட்டவர்களுக்கு, தானாக ஏறுவது நின்றுபோனால் எப்படி வலிக்கும் என்பது புரிந்திருக்கும். தனியார் கம்பெனிக்காரருக்கு அது வருடம் முழுக்க இருக்கும் நிலைமை.

நூறு நாள் வேலைக்கும்கூட விலையோடு தானாக ஏறும் ஒரு சின்ன ஏணி இருந்தது. விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டை வைத்து ஒவ்வொரு வருடமும் கூலியை அறிவிப்பார்கள். தமிழ்நாட்டுக்கு 2024-25இல் 319 ரூபாய், 2025-26இல் 336. அளந்து பார்த்துக் கையில் கொடுத்தது எவ்வளவு என்பது வேறு விஷயம்.

கடை, ஓட்டல், பட்டறை வேலைக்கு மாநில அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்ச ஊதியத்திலும் பஞ்சப்படி உண்டு. ஏப்ரல் மாதம் திருத்துவார்கள். அதற்கு எடுத்துக்கொள்வது சென்னை நகர விலைக் குறியீடு. பென்னாகரத்தில் துணிக்கடையில் நிற்கும் பெண்ணின் பஞ்சப்படி சென்னை விலைவாசியைப் பார்த்து ஏற வேண்டும் என்பது சட்டம். உண்மையில் அந்தக் கடையில் அப்படி ஒரு அறிவிப்பு வந்ததே பெரும்பாலும் தெரிந்திருக்காது. 2021இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது. நல்ல சட்டம். இருக்கை போட்டிருக்கிற கடையில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்பதைப் பண்டிகை நாளில் போய்ப் பார்க்கலாம்.

ஓசூரில் இதைவிடத் தெளிவாகத் தெரியும். சிப்காட்டின் தொடக்க காலத் தொழிற்பேட்டை அது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று 1980களில் வந்த பெரிய ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளிக்கு யூனியன் உண்டு, சில வருடத்துக்கு ஒரு முறை ஊதிய ஒப்பந்தம் உண்டு. 12(3), 18(1) என்று பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்ணையே பெயராக வைத்துப் பேசிக்கொள்வார்கள். இந்தப் பகுதியில் அந்த வேலை கிடைத்தவர் வீட்டுக்குப் பெண் கொடுக்க வரிசை நின்ற காலம் இருந்தது. பொதுவாக இப்படிப்பட்ட ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்தில், அதே மாதிரி மெஷினில் நிற்கும் கான்ட்ராக்ட் பையனுக்கு அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. அவருக்குச் சம்பளம் போடுவது லேபர் கான்ட்ராக்டர். கம்பெனியில் கேட்டால் கான்ட்ராக்டரைக் கேள் என்பார்கள், கான்ட்ராக்டரைக் கேட்டால் கம்பெனி ரேட் ஏற்றவில்லை என்பார்.

நகராத எண்கள்

இப்படி ஏணி இல்லாதவர்களின் சம்பளச் சீட்டில் இன்னொரு கோளாறு ஒளிந்திருக்கிறது. சட்டம் குறித்து வைத்த வரம்புகள் வருடக்கணக்கில் நகராமல் நிற்கின்றன. பி.எஃப். கட்டாயத்துக்கான சம்பள வரம்பு 2014 செப்டம்பர் 1ஆம் தேதி 6,500 ரூபாயிலிருந்து 15,000 ஆனது. வருடத்துக்கு 5 சதவீதம் விலை ஏறியது என்று தோராயமாக வைத்தால், அந்த 15,000த்துக்கு ஈடாகப் பதினோரு வருடம் கழித்து ஏறக்குறைய 25,650 ரூபாய் தேவை. அதே தேதியில் வந்த குறைந்தபட்ச மாத ஓய்வூதியம் 1,000 ரூபாய், அதே கணக்கில் 585 ரூபாய்க்குத் தேய்ந்துவிட்டது. இதற்கு யாரும் எதையும் குறைக்கவில்லை. தொடாமல் விட்டாலே போதும், பணவீக்கம் குறைத்துவிடும்.

இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு இன்னும் விபரீதம். 2017 ஜனவரி 1 முதல் அதற்கான மாதச் சம்பள வரம்பு 21,000. ஒருவர் 20,900 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பங்கு 0.75 சதவீதம், மாதம் 157 ரூபாய் போல. அதற்கு அவருக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் பார்க்கிறார்கள், மருத்துவ விடுப்பில் சம்பளத்தில் ஒரு பகுதி வரும், பிரசவத்துக்கும் உண்டு. இன்கிரிமென்டில் 300 ரூபாய் ஏறினால் 21,200. அப்போது நடப்பு ஆறு மாதப் பங்களிப்புக் காலம், அதாவது செப்டம்பர் அல்லது மார்ச், முடிந்ததும் வெளியே வந்துவிட வேண்டும். முந்நூறு ரூபாய் ஏறியதற்குக் குடும்பத்தின் வைத்தியச் செலவு மொத்தமும் சொந்தக் கையில். தனியார் காப்பீட்டுக்கு வருடத்துக்குக் கட்ட வேண்டிய தொகை அந்த ஏற்றத்தை விழுங்கிவிடும். "இன்கிரிமென்ட் இப்ப வேண்டாம்ணா, இ.எஸ்.ஐ. போயிடும்" என்று ஒருவர் சொன்னால் அது சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. நன்றாகக் கணக்குப் போட்டிருக்கிறார். விலைவாசியோடு வரம்பும் ஏறியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

இதே இடத்தில்தான் ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, வந்து உட்காருகிறது. 21,000 வரம்பைப் பார்க்கும்போது ஓ.டி. பணத்தைச் சேர்க்க மாட்டார்கள். அதனால் அடிப்படையை ஏற்றாமல் ஓ.டி.யை ஏற்றுவது இரண்டு பக்கத்துக்கும் வசதி. சட்டப்படி ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம், அது சில இடத்தில் உண்டு, சில இடத்தில் காகிதத்தில் உண்டு. நாளடைவில் ஓ.டி. பணம் வீட்டு வாடகையாகவும் பைக் தவணையாகவும் மாறிவிடுகிறது. ஆர்டர் குறையும் மாதத்தில் கம்பெனி யாருடைய சம்பளத்தையும் குறைக்காது, ஓ.டி.யை நிறுத்தும். வீட்டில் வரவு மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். "சம்பளம் குறைக்கலையே" என்று ஹெச்.ஆர். சொல்வதும் உண்மை, அந்த மாதம் நகை பேங்குக்குப் போவதும் உண்மை.

ஏன் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்

உள்ளே இருப்பவருக்கு வருடத்துக்கு ஐந்நூறு ரூபாய் ஏறுகிறது, புதிதாக எடுப்பவருக்கு இரண்டாயிரம் சேர்த்துத் தருகிறார்கள் என்றால் என்ன நடக்கும்? எதிர்க் கம்பெனியில் சேர்ந்த நண்பன் வாட்ஸ்அப்பில் சம்பளச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவான். அடுத்த திங்கள்கிழமை சூப்பர்வைசர் முன்னால் நிற்பார்: "அண்ணா, அங்க ரெண்டாயிரம் சேத்துத் தராங்களாம்ணா." சூப்பர்வைசருக்கு மனசு இருக்கும், அதிகாரம் இருக்காது. ஆள் போய்விடுவார். அவர் இடத்துக்கு அதே இரண்டாயிரத்தைச் சேர்த்துக் கொடுத்துப் புது ஆள் எடுத்து, வேலை பழக்கி, அதற்குள் ரிஜெக்‌ஷன் ஏறி, ஒன்றரை வருடத்தில் அவரும் போவார். பணவீக்கம் இருக்கும் காலத்தில் நகராமல் இருப்பது என்றால் வருடா வருடம் சம்பளக் குறைப்பை ஏற்றுக்கொள்வது என்று அர்த்தம். இதை விசுவாசமின்மை என்று சொல்பவர்களில் பாதிப்பேர் பஞ்சப்படி வாங்கி ஓய்வு பெற்றவர்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன்.

பெங்களூரு ஐ.டி. வேலைக்குப் போகும் பிள்ளைகளிடமும் இதே கணக்குதான், ஆங்கிலப் பெயர்கள் மட்டும் வேறு. பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவர் சம்பளம் பதினைந்து வருடமாக மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே இருக்கிறது. 2010இன் மூன்று லட்சம், 5 சதவீதக் கணக்கில் 2025இல் 6 லட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும். அந்த மூன்றரை லட்சமும் சி.டி.சி. கணக்கு, அதாவது ஒரு ஆளுக்குக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. கம்பெனி கட்டும் பி.எஃப்., பணிக்கொடை, வருமா வராதா என்று தெரியாத வேரியபிள் எல்லாம் அதற்குள் அடக்கம். ஊரில் "மாசம் முப்பதாயிரம்" என்று அம்மா சொல்லிக்கொண்டிருப்பார், கையில் வருவது இருபத்தைந்தைத் தொட்டால் அதிகம்.

சம்பளத்தை வெளியே சொல்லக் கூடாது என்ற பழக்கத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஆபர் லெட்டரில் ரகசியம் என்று ஒரு வரி இருக்கும். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்ற பேச்சும் அதே இடத்தில்தான் அதிகம் கேட்கும். குடும்பத்தில் அண்ணன் என்ன வாங்குகிறான் என்று தம்பிக்குத் தெரியாமல் இருப்பது எந்த ஊர் வழக்கம் என்று எனக்குப் புரியவில்லை. புதிதாக வந்தவர் பழையவரைவிட அதிகம் வாங்குவது வெளியே தெரிந்தால் அன்றைக்கே வரிசை நிற்கும், அதனால்தான் மூடி வைக்கிறார்கள். தொழிலாளிகளிடம் அந்தக் கூச்சம் இல்லை. டீக்கடையில் எல்லாருக்கும் எல்லாருடைய சம்பளமும் தெரியும். ஓசூரில் சம்பள நிலவரத்தை உண்மையில் நிர்ணயிப்பது அந்த டீக்கடைதான் என்றுகூடச் சொல்வேன்.

விடுதிக் கணக்கு தனி. தேன்கனிக்கோட்டை பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளி சிப்காட்டில் ஓலா என்று சமீப வருடங்களில் வந்த ஆலைகள் இளம்பெண்களை நிறைய எடுக்கின்றன. தருமபுரி, அரூர், ஊத்தங்கரை பெண்களோடு ஜார்க்கண்ட், ஒடிசா பெண்களும் வருகிறார்கள். பொதுவாக விடுதியும் கேன்டீனும் கம்பெனி தரும் இடத்தில், உணவு விலையேற்றம் அந்தப் பெண்ணின் பையைத் தொடுவதில்லை, கம்பெனியின் பையைத் தொடுகிறது. அதனால் விடுதியில் தங்கியிருக்கும் பெண்ணின் பதினைந்தாயிரமும், கல்யாணமாகி மத்திகிரியில் வீடு எடுத்தவரின் பதினைந்தாயிரமும் ஒன்றல்ல. முன்னவர் ஊருக்குப் பத்தாயிரம் அனுப்புவார், பின்னவர் ஊரிலிருந்து அரிசி மூட்டை வரவழைப்பார். விலை ஏறும் மாதங்களில் கேன்டீன் சாம்பார் தண்ணீராகிவிடும். தொழிலாளர்கள் தட்டோடு உட்கார்ந்து போராடுவதைச் செய்தியில் படிக்கும்போது சாப்பாட்டுக்காக இவ்வளவா என்று தோன்றும். உண்மையில் அது சம்பளக் குறைப்பை எதிர்த்து நடக்கும் போராட்டம்.

வாடகையில் ஓசூர் பெங்களூரின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. நாற்பது கிலோமீட்டர்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்பவர் இங்கே குடி வந்தால், இங்கே வேலை செய்பவர் இன்னும் உள்ளே தள்ளிப்போக வேண்டும். பெங்களூரு பழக்கத்தில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. அறுபதாயிரம் அட்வான்ஸ் ஐந்து வருடம் அவரிடம் வட்டியில்லாமல் கிடந்தால், திரும்பி வரும்போது 5 சதவீதக் கணக்கில் அதன் மதிப்பு 47 ஆயிரம். அதிலும் பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்.

தங்கம் மட்டும் இந்த வீடுகளுக்கு எதிர்த்திசையில் உதவியிருக்கிறது. 2025 தொடக்கத்தில் 57 ஆயிரத்தை ஒட்டியிருந்த பவுன் அந்த வருடம் முடிவதற்குள் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அதே மூன்று பவுன் செயினுக்கு இப்போது அதிகக் கடன் கிடைக்கிறது. ஓ.டி. இல்லாத மாதங்களைப் பல வீடுகள் இப்படித்தான் கடந்திருக்கின்றன. தங்கச்சிக்குக் கல்யாணம் வைத்திருப்பவர்களிடம் இதைச் சொல்லாதீர்கள்.

முதலாளி பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது, முக்கியமாகச் சின்ன முதலாளி பக்கம். ஓசூரைத் தாங்குவது பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான பட்டறைகள். பெரிய கம்பெனி ஒவ்வொரு வருடமும் விலையைக் குறைத்துக் கேட்கும். இரும்பு விலை ஏறும், கரண்ட் கட்டணம் ஜூலையில் ஏறும். 45 நாளில் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தராதவர் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் அந்த வருடம் காட்ட முடியாது என்றுகூட 2023-24 கணக்கு ஆண்டு முதல் விதி போட்டார்கள். இருந்தும் பட்டறைக்காரர் பில்லைக் காட்டிச் சண்டை போட மாட்டார், அடுத்த ஆர்டர் போய்விடும். இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் அவரும் ஏணி இல்லாத ஆள்தான். மேலிருந்து இறங்கும் விலைச் சுமையை அவர் தள்ளக்கூடிய ஒரே இடம் கூலி.

இந்த நிலைமையில்தான் உழைப்பு நேரம் பற்றிய உபதேசங்கள் வந்தன. 2023 அக்டோபரில் இன்போசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் 90 என்று சொன்ன காணொளி வெளியானது. காவேரிப்பட்டணத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஓசூர் போகிறவருக்கு ஷிப்ட் 48 மணி நேரம், போக ஒன்றரை வர ஒன்றரை என்று ஆறு நாளைக்கு 18. ஓ.டி. சேர்ப்பதற்கு முன்பே 66. தமிழ்நாடு 2023 ஏப்ரல் 21ஆம் தேதி பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது, எதிர்ப்பு கிளம்பியதால் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். மசோதா போய்விட்டது. ஓ.டி.யை நம்பிப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பழக்கம் போகவில்லை, ஏனென்றால் எட்டு மணி நேரச் சம்பளத்தில் வாடகை கட்ட முடிவதில்லை.

2025 நவம்பர் 21ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. இரண்டு விஷயம் நம் ஊருக்கு முக்கியம். ஒன்று, சம்பளம் என்று கணக்கில் வருவது மொத்தத்தில் குறைந்தது பாதியாக இருக்க வேண்டும். அடிப்படையை ஆறாயிரமாக வைத்து மீதியை விதவிதமான படிகளாக நீட்டும் வித்தைக்கு இனி இடம் குறைவு. பணிக்கொடை, விடுப்புப் பணம் எல்லாம் இந்தப் பெரிய தொகையில் கணக்காகும். இரண்டு, குறித்த காலத்துக்கு என்று நேரடியாக எடுக்கப்படும் ஊழியருக்கு ஐந்து வருடம் காத்திருக்காமல் ஒரு வருடம் முடித்தாலே பணிக்கொடை உண்டு. தொகை பெரிதில்லை, வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். ஆனால் ஒன்றரை வருடத்தில் கம்பெனி மாறும் பையனுக்கு, மாறும்போது கையில் ஏதோ ஒன்று வரும் என்பது இதுவரை இல்லாதது. பட்டறைக்காரர்களும் கான்ட்ராக்டர்களும் இந்த இரண்டாவது விதியைக் கவனமாகப் படித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதனால் புது வேலைக்குக் கையெழுத்துப் போடும்போது சம்பளத்தோடு இரண்டு இடங்களைப் பாருங்கள்: அடிப்படை எவ்வளவு என்று, ஒப்பந்தக் காலம் பன்னிரண்டு மாதம் என்று போட்டிருக்கிறதா, பதினொன்று என்று போட்டிருக்கிறதா என்று.